வாள வையி

கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே மூன்றாவது நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் மகள். தெரிந்த பதிகங்களை எல்லாம் பிழையில்லாமல் சொல்லிப் பார்த்துவிட்டேன். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த வாய். சொல்லச் சொல்ல நெஞ்சு காய்ந்துதான் போனது.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த வாடிப்பட்டிக்கார அம்மா முணுமுணுத்தாள். “ஆத்தா, எம்புள்ளைய வாள வையி.”

‘வாழ வை’ என்று திருத்த என் நாக்கு எழுந்தது. இந்த நேரத்திலும்!

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மஞ்சள்காமாலையில் கிடந்தார். மாரியம்மன் கோயிலில் வேப்பிலையும் நசுங்கிய எலுமிச்சையும் மணக்க, ஈரச்சேலையோடு நின்று என் அம்மா இதே சொல்லை, இதே ‘ள’ போட்டுத்தான் கதறினாள். எனக்கோ ஒப்புவித்தல் போட்டியில் ஜெயித்த திமிர்.

“ஏம்மா, அப்பா கழுத்துல வாள வைக்கச் சொல்றியா? ஒனக்கு ‘ழ’ வராதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு, சாகும்வரை, அம்மா வாய்விட்டுச் சாமி கும்பிட்டு நான் கேட்டதில்லை. உதடு மட்டும் அசையும்.

“அழுவாத தாயி,” என்றாள் வாடிப்பட்டி அம்மா. “ஒம்மகளுக்கும் சேத்துத்தேன் கேக்குறேன்.”

நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கைகூப்பினேன். படித்தது ஒன்றுகூட வரவில்லை.

“ஆத்தா...” என்றேன். மாரியைக் கூப்பிட்டேனா, அம்மாவைக் கூப்பிட்டேனா, தெரியவில்லை.

“எம்மகள வாள வையி.”