வாரத்துக்கு ஒருமுறை வந்தவர்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததால் நான் கையெழுத்து மட்டும் போடுவேன். பில்லைப் பார்த்ததே இல்லை.

பக்கத்துப் படுக்கைக்கு ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தறித் தொழிலாளி வருவார். அவரும் மூன்று முறை வரவேண்டியவர்தான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஒருநாள் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க வந்து படுத்தார்.

“ஏனுங்க, இப்படி அலட்சியமா இருந்தா எப்படி? உசுரு மேல ஆசை இல்லீங்களா?” என்று அதட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மனைவிதான் மெல்லச் சொன்னார்: “ஆசை இருக்குதுங்க. ஒருக்கா வந்து போனாலே ஒரு வாரக் கூலி போயிருதுங்க. அதுக்கு மேல நாங்க எங்க போறது?”

அரசு காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அன்றுதான் கேட்டேன். அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாளே அந்த அம்மாவை அழைத்துப் போய் விண்ணப்பம் கொடுக்க வைத்தேன். அட்டை கைக்கு வருவதற்குள் அவருடைய கணவர் இறந்துவிட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். “நீங்களாவது கேட்டீங்களே சாமி” என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கும்பிடை இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.