பேர் எழுதிய கண்ணாடி

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரபாவதி சென்னையிலிருந்து பஸ் ஏறி நெய்வேலிக்கு வருவாள். தம்பி கலைச்செல்வனின் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் அவள் வைத்திருந்த இரண்டு சோலார் தகடுகளிலும் மீட்டரை மாட்டி அளவெடுப்பாள். சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். தங்கினதில்லை.

இரண்டும் ஒரே மாதிரித் தகடுகள். ஒன்றின் கண்ணாடிமேல் மட்டும் அவள் கண்டுபிடித்த பூச்சு இருந்தது, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம். அதில் சாம்பலோ தூசியோ ஒட்டாது, ஒரு தூறல் விழுந்தாலே போய்விடும் என்று நம்பினாள். அதைச் சோதிக்க நெய்வேலியை விட்டால் வேறு ஊர் ஏது? அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கரியும் படிந்து, காலையில் கூட்டின வாசலில் மத்தியானம் கால் வைத்தால் பாதம் கறுக்கிற ஊர்.

ஆராய்ச்சிக்கு வந்து முப்பத்தொரு வருஷம். சிலிக்கானில் தொடங்கி, வாயுவை உணரும் பொருள்களில் எட்டு வருஷம் செலவழித்து, கடைசியில் இந்தப் பூச்சுக்கு வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் கட்டுரைகளில் நாலாவது பேராக, ஐந்தாவது பேராக வந்தவளுக்கு இது ஒன்றுதான் முழுக்க அவளுடையது. கல்யாணப் பேச்சு நின்றுபோன வருஷம் அவளுக்குச் சரியாக நினைவில்லை; லேபில் வேக்குவம் பம்ப் பழுதான வருஷம் நினைவிருக்கிறது.

பதினாலு மாத அளவுகள் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. ஒரு தகடு கரி படிந்து மங்க, பூசின தகடு புதுசு மாதிரியே மின்சாரம் கொடுத்தது. வெளிநாட்டுப் பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாதம்.

இந்தச் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் தம்பி பெண்டாட்டி வெண்மதிக்கு வாயெல்லாம் பல்.

"பின்ன? நான் வுட்டனா அண்ணி? துணி காயப் போட ஏறுறப்பல்லாம் ஈரத்துணியால ஒரு இழு இழுத்துட்டுத்தான் எறங்குவேன்."

"எதை?"

"உங்களுதத்தான். பேர் எழுதி வெச்சிருக்கீங்கல்ல. இன்னொண்ணுல வெறும் ரெண்டுன்னு இருந்துச்சி. அது ஆபீஸுதுன்னு வுட்டுட்டேன். நம்ம பொருளு கரி படிஞ்சிக்கினு கெடந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எத்தனை நாளா?"

"நீங்க வெச்ச மறுநாள்லருந்து."

பிரபாவதி மெல்ல உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பி, டிவி, ஸ்கூட்டர் சீட்டு என்று கையில் துணியோடு திரிகிற பெண்களைப் பார்த்து இதே டவுன்ஷிப்பில் வளர்ந்தவள்தான். யாராவது துடைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். பூசின தகட்டில் ஆசையாகத் தன் பேரை எழுதியிருந்தாள்.

"ஏன் அண்ணி, கீறல் வுழுந்துடுச்சா?"

"இல்லம்மா. கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இனிமே துடைக்க வேணாம், என்ன?"

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த கலைச்செல்வனிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்.

"யாருக்குக்கா தெரியும்? மாடி நம்முது, தொடச்சவ நம்ம வூட்டுக்காரி. கம்முனு வுடு."

"நாளைக்கு இதை நம்பி ஒருத்தன் ராஜஸ்தான்ல பத்தாயிரம் தகடுக்குப் பூசுவான்டா. அங்க வெண்மதி இருக்க மாட்டா."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான்.

திரும்ப ஆரம்பித்தால் ஒரு வருஷமாவது வேண்டும். அதற்குள் லேப் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள். படியிலேயே உட்கார்ந்து பத்திரிகைக்கு மெயில் எழுதினாள்: சோதனைக் காலம் முழுக்கத் தகடு கையால் துடைக்கப்பட்டிருக்கிறது, கவனிக்காதது என் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். துடைத்தது யார் என்று எழுதவில்லை. அனுப்பிவிட்டு, யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பேர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டின கைடு இறந்து ஆறு வருஷம். மாணவர்கள் கொரியாவிலும் ஜெர்மனியிலும். போனைப் பைக்குள் போட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது வெண்மதி வாசல்வரை வந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"அடுத்த மாசம் எப்பண்ணி வர்றீங்க?"

இனி அளவெடுக்க ஒன்றுமில்லை. வேறென்ன சொல்லிக்கொண்டு இந்த வீட்டுக்கு வருவது என்று பிரபாவதிக்குத் தெரியவில்லை.

"பாக்கறேன் வெண்மதி," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.