கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கையெழுத்து

ஜூன் மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தேகாலுக்கு எழுந்து, மோட்டார் போட்டு, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, தாம்பரத்தில் எட்டு பன்னிரண்டு மின்சார ரயிலைப் பிடித்தேன்.

எதிரே காதில் பென்சில் செருகிய ஒருவர் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார். கதையை வேகமாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஓடும் பெயர்களை மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அது என் மகள் வரையும் தொடர்.

“என் பொண்ணும் இதுல வரையறா சார். பேரு வரும் பாருங்க,” என்றேன் பெருமையாக.

“வராது சார். நான் அனிமேஷன் சங்கத்துச் செயலாளர். வரையறது பெருங்குடி ஸ்டுடியோவுல, பேரு போட்டுக்கறது வெளிநாட்டுக்காரன். வரைஞ்சவங்க பேரையும் போடணும்னு டெல்லிக்கு மனு கொடுக்கப்போறோம். வேலை போயிடும்னு எல்லாருக்கும் பயம். ஒரே ஒரு பொண்ணுதான் கையெழுத்து போட்டிருக்கு.”

மனுவைக் காட்டியபோது, அந்தப் பெண்ணின் பெயர் தெரியாதபடி கட்டைவிரலால் மூடிக்கொண்டார். ஆனால் கையெழுத்தின் வால், மீன்போல வளைந்து விரலுக்கு வெளியே நீண்டிருந்தது.

என் மகளின் கையெழுத்து. போன மாதம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது.

“ஒத்தைக் கையெழுத்தை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?”

“ஒண்ணு இருக்கே சார்!” அவர் மனுவைப் பத்திரமாக மடித்துவைத்து, கிண்டியில் இறங்கிப்போனார்.

அவர்மேல் கோபப்படுவதா, கும்பிடுவதா, இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மகளை எழுப்பினேன்.

“மனுவைப் பார்த்தேன்மா. தனியா நிக்காத, கூட ரெண்டு பேரைச் சேத்துக்கோ.”