பன்றி விட்டுப்போன இலை

காட்டுப்பன்றி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலையடிவாரத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நட்டவன் எவனை வேண்டுமானாலும் கேளுங்கள், இதைத்தான் சொல்வான். போன ஐப்பசியில் அக்காவின் விளையில், வீட்டை ஒட்டிய தோட்டத்தில், ஒரு கூட்டம் புகுந்து, செடிகளைக் கிளறித் தள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. கம்பும் இலையும் மண்ணில் கிடந்தன. சேறு முழுக்கப் பிளந்த குளம்புத் தடம். கன்றுக்குட்டி நடந்துபோன மாதிரி இருந்தது.

அத்தான் இறந்தபிறகு அக்காவுக்குத் துணை ஒரு செவலைப் பசுதான். பிள்ளைகள் வெளிநாட்டில். ஊசி மேல் ஊசி போட்டும் சினை பிடிக்காமல், கொடுத்துத் தொலை என்று நானே சொன்ன பசு அது. அவள் கேட்கவில்லை. ஒருவழியாகச் சினை பிடித்து, இன்றோ நாளையோ கன்று போடும் என்று நின்றது.

"பன்னி தின்னது போக எம் பசுவாவது தின்னட்டும் மக்கா" என்று இலையை ஒடித்துச் சேர்த்தாள். மரச்சீனி இலையைப் பச்சையாய்ப் போடக்கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பாறையில் பரத்தி, மொறுமொறுவென்று காய்ந்தபிறகுதான் போடுவோம். அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. மறுநாள் காலையில் இலை துவண்டு கிடந்தது.

"வாடிட்டுல்லா, இது போதும்" என்று ஒரு கட்டு அள்ளிப் போட்டாள்.

நான் கட்டன்சாயா குடித்து முடிக்கவில்லை, தொழுவத்தில் தொம்மென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பசு சரிந்து கிடக்கிறது. வாயில் நுரை. மூச்சுக்குத் தவிக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டேன். நாகர்கோவிலில் இருக்கிறேன், இதோ புறப்படுகிறேன் என்றார். அதற்குள் கண் நிலைகுத்திவிட்டது.

புல்லையும் தழையையும் தின்று பிழைக்கத்தான் பசுவுக்கு அந்த அசைபோடும் வயிறு. இலையிலுள்ள விஷத்தைச் சட்டென்று பிரித்து ரத்தத்தில் விடுவதும் அதே வயிறுதானாம். டாக்டர் பிறகு சொன்னார். பன்றிக்கு அந்த வயிறு கிடையாது. நாசமாய்ப் போக, இதென்ன நியாயம்?

"மக்கா, உள்ள சவுட்டுது!"

அக்கா பசுவின் விலாவில் கையை வைத்திருந்தாள். நானும் வைத்தேன். ஐயோ, அந்த உதையை என் உள்ளங்கை அறிந்தது. மறுபடி டாக்டருக்குப் போன் அடித்து, வயிற்றைக் கீறிக் கன்றை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "நீங்க கீறிராதீங்க, பாலம் தாண்டிட்டேன், வந்துட்டேன்" என்றார். கன்று இன்னொருமுறை உதைத்தது. பிறகு லேசாகப் புரண்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் பையோடு ஓடிவந்தார். குழாயை வைத்து இங்கும் அங்கும் கேட்டார். வெகுநேரம் கேட்டார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையை அசைத்தார்.

"கைய எடுங்கம்மா" என்றார்.

"சத்தம் வைக்காதீங்க சாரே" என்றாள் அக்கா. "இப்பம் சவுட்டும்."