பதினோரு பேர் சரி

லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிறார் கார்த்திகேசு மண்டோர். காதில் பென்சில், கையில் நீல அட்டை நோட்டு. பெயர் கேட்டவர் “இருக்கேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, கையைத் தூக்கினால் முறைப்பார். இது விடியுமுன் ஆள் எடுக்கிற தோட்டத்துப் பெரட்டு அல்ல. பள்ளி விடுமுறையில் அவருடைய சொந்தக் குடும்பம் கடலுக்குப் புறப்படுகிறது.

பத்தாங் பெர்சுந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே அவர் இருபத்து மூன்று வருடமாக ஆள்களை மேய்க்கும் மண்டோர். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன். தினமும் நூற்றுப்பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பால் மரம் வெட்ட அனுப்புகிறவர். அந்தப் பழக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. கடற்கரையில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தித்தான் தண்ணீரில் இறக்குவார் என்று அவர் தம்பி சொல்லிச் சிரிப்பார். அதிகாலையிலேயே எல்லாரையும் எழுப்பி, “வெயில் ஏறுனா ஒண்ணும் ஓடாது லா” என்று மரத்துப் பாலைச் சொல்வதுபோலவே சொல்வாராம். விடுமுறைக்கு எதற்கு மண்டோர் என்று நான் கேட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மனைவி புஷ்பவள்ளியும் தோட்டத்து ஆள்தான். ஆனால் வேலை, அர்ஜுனன் மண்டோரின் உரம் போடும் கும்பலில். ஆகவே அந்தப் பெயரை அர்ஜுனன் தினமும் உரக்கக் கூப்பிடுவார். கட்டிய கணவர் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் எப்போதும் “இந்தா” தான். எங்கள் தோட்டத்து ஆண்கள் பலரும் அப்படித்தான், நான் உட்பட. அதில் யாரும் தப்புக் கண்டதில்லை.

எண்பத்திரண்டில் ஜெரம் கடற்கரையில் ஒரு சீனரின் பலகை வீட்டை இரண்டு நாளுக்கு எடுத்திருந்தார். போன அன்று கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடந்தது. மச்சான் அழகேசன் முழங்கால் வரை புதைந்துபோய், நாலு பேர் இழுத்ததில் ஒற்றைச் சிலிப்பரோடு வெளியே வந்தார். மறுநாள் காலை கோல சிலாங்கூருக்குப் போய் மெலாவத்தி குன்றில் ஏறினார்கள். அங்கே ஒரு குரங்கு தம்பியின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரமேறியது. ஒரு சீப்பு வாழைப்பழம் செலவழித்து மீட்டார்கள். அதுவரை எல்லாம் சிரிப்புதான்.

இறங்கும்போது புஷ்பவள்ளிக்குக் கால் பிசகியது. மெதுவாக வருகிறேன், போங்கள் என்று பின்தங்கினார். கீழே மண்டோர் நோட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். பதினோரு பெயர், பதினோரு குரல். பதினோரு பேர் சரி என்று குறித்துவிட்டு முன்னால் ஏறி, டிரைவரை எடுக்கச் சொன்னார். மனைவி பின்னால் பெண்களோடு இருப்பதாக அவர் நினைத்தார். கால் வலிக்கு அம்மா முன்னால் ஏறியிருப்பாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வாயால் கூப்பிடாத பெயரை அவர் நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

பலகை வீட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. எல்லாரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு, சோறு போட ஆளைத் தேடியிருக்கிறார்கள். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. லோரி திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. குன்றடியில் வீங்கிய காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஒங்க நோட்டுல எம் பேரு இல்லீங்களா?”

இந்தக் கதையைத் தோட்டத்தில் பரப்பியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். ஒரே வாரத்தில், “அக்கா, லோரி போயிருச்சு” என்று புஷ்பவள்ளியைச் சீண்டுவது உரக் கும்பலில் விளையாட்டாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பை ஒருநாள் பக்கத்தில் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது.

அதன்பின் அவர் எந்தப் பயணத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் இருட்டோடு எழுந்து புளிச்சோறு கிளறி, நெத்திலி சம்பல் வதக்கி, எல்லாரையும் லோரியில் ஏற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். மண்டோர் நோட்டின் முதல் வரியில் மனைவியின் பெயரை எழுதி வைத்தார். எழுத முடிந்ததே தவிர, கூப்பிட வாய் வரவில்லை. நான்கு வருடம் அந்த வரியைத் தாண்டி இரண்டாம் பெயரிலிருந்தே ஆரம்பித்தார். ஒருநாள் ஆபீஸ் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

“நூத்திப் பத்து பேர்ல ஒரு நாளும் ஒரு ஆள தவற வுட்டதில்ல, கிராணி. வூட்டு ஆளத்தான் வுட்டுட்டேன். மன்னிப்பு கேக்கலாம்னு கிட்டப் போனா, கால் சரியாயிருச்சுங்குறா.”

போன மாதம் மறுபடி லோரி வந்து நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று. நான் காப்பியும் கையுமாக என் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். மண்டோர் நோட்டைப் பிரித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரட்டில் கூப்பிடுகிற அதே குரலில், “புஷ்பவள்ளி” என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. மண்டோர் நோட்டை மூத்த மகனிடம் நீட்டி, மற்றப் பெயர்களை அவனையே கூப்பிடச் சொன்னார். டிரைவரிடம் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார். லோரி செம்மண் ரோட்டில் திரும்பி மறைந்ததும் வீட்டுப் படியில் உட்கார்ந்து, குன்று ஏறுவதற்கென்று போட்டிருந்த கான்வாஸ் காலணியின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.