பக்கீத் வீட்டு விருந்தாளி ராஜாளி

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு இந்த லீவா பாலைவன வட்டாரத்தில் பதினோரு பள்ளிக்கூடங்களில் என்னை 'உஸ்தாத்', அதாவது ஆசான், என்கிறார்கள். பட்டம் வாங்கின வாத்தியார்கள் எழுந்து நாற்காலி தருகிறார்கள். ஒட்டகம் மேய்த்த கல்ஃபான் மகன் மத்தருக்கு இது சும்மா வந்ததா? கய்மா என்ற என் ராஜாளியைக் கையில் ஏந்தி, அது எதைத் தின்னும், எத்தனை நாடு தாண்டும், ஏன் அதைச் சுடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுபோல் சொல்ல இந்தப் பாலைவனத்தில் ஆள் இல்லை. இருந்தால் கொண்டு வந்து காட்டுங்கள்.

அந்த உஸ்தாத் பட்டம் ஒரு தடவை போகப் பார்த்தது. பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமை ஆசிரியை ஷம்ஸா கறாராகச் சொன்னார்: "புதன்கிழமை பத்து மணிக்குப் பறவையோட வாங்க. பறவை இல்லேன்னா நீங்களும் வேணாம். படம் போட்டுக் காட்ட வேற ஆள் இருக்கார்."

திங்கட்கிழமை காலை பறக்கப் பழக்கும்போது சூடான காற்று கிளம்பியது. கய்மா மேலே ஏறியது, இறங்கவில்லை. இரண்டு மைல் நடந்து தேடினேன். பக்கீத் வீட்டு விருந்துக்கூடத்தில், முதல் மரியாதைக்காரர் சாயும் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. புது ரோடு வேறு பக்கமாக வந்ததிலிருந்து பக்கீத் வாசலை எட்டு மாதமாக ஒருவரும் மிதிக்கவில்லை. நான் போவதற்குள் ஆடு அறுத்துவிட்டார். பறவைக்கு முன்னால் ஈரல், ஒரு கோப்பை காப்பி.

"அபூ ராஷித், இது என் பறவை" என்றேன். ராஷிதின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் பக்கீத்தைக் கூப்பிடுவோம்.

"இருக்கட்டும் மத்தர். இப்ப என் விருந்தாளி. நம்ம வழக்கப்படி மூணு நாளும், அடுத்த நாள்ல மூணுல ஒரு பங்கும் என் பாதுகாப்பு. அதுவரைக்கும் யாரு, என்ன சோலின்னு நானே அதுகிட்ட கேக்க மாட்டேன்."

"அது பறவைய்யா."

"வாசல் வழியாத்தான் வந்துச்சு. உன்னை மாதிரி செருப்போட ஏறல."

அடுத்தவர் வீட்டு விருந்தாளியை வலுவில் தூக்குகிற குடும்பம் இல்லை என்னுடையது. வேறு வழி இருந்தது. கோரிக்கையோடு வந்தவன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், வீட்டுக்காரர் 'தந்தேன்' என்று சொல்லியே ஆகவேண்டும். பதினாலு சண்டையை அப்படித் தீர்த்தவன் நான். ஆனால் இரண்டு மைல் வெயில், வறண்ட நாக்கு. கை தானாக வாங்கியது, வாய் தானாகக் குடித்தது. ஒன்றல்ல, மூன்று கோப்பை.

"அப்ப உனக்குக் கோரிக்கை ஒண்ணும் இல்ல" என்றார் பக்கீத், சந்தோஷமாக.

செவ்வாய் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் காலை, பக்கீத் பறவையின் கோப்பையில் ஆறின காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றும்போதுதான் என் மூளை வேலை செய்தது. மற்றவனுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"அபூ ராஷித், விருந்தாளி ரெண்டு நாளா காப்பியைத் தொடலையே."

கூஜா பிடித்த கை நின்றது. "நானும் கவனிச்சேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அதுக்கு ஒரு கோரிக்கை இருக்கு."

"என்னவாம்?"

"இன்னிக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் போகணுமாம்."

ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். "தந்தேன். ஆனா கெடு முடியல. நானும் வருவேன்."

திண்டைத் தூக்கிக்கொண்டே வந்தார். வகுப்பில் ஒரு சிறுமி, "இது எவ்வளவு சாப்பிடும் உஸ்தாத்?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் பக்கீத் எழுந்தார்.

"விருந்தாளி எவ்வளவு சாப்பிடுதுன்னு கேப்பாங்களா? எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் இன்னொருத்தி.

"மூணு நாள் ஆகல. கேக்கக் கூடாது."

ஷம்ஸா பேனாவை எடுத்து என் பெயரை அடிக்கப் போனார். "கெடு எப்பங்க முடியுது?" என்றேன் அவசரமாக.

"நாளைக்குச் சாயங்காலம். அப்புறம் என் வீட்ல வந்து என்ன வேணா கேளுங்க."

வியாழன் சாயங்காலம் பள்ளிப் பேருந்து பக்கீத் வாசலில் நின்றது. நாற்பது சிறுமிகள். என் வாழ்நாளில் நடத்தாத பாடம் நடத்தினேன். முடிந்ததும் பக்கீத் கதவை மறித்தார். "எங்க கிளம்புறீங்க? நீங்க வந்து ஒரு மணி நேரந்தான் ஆச்சு. இன்னும் மூணு நாள் இருக்கு."

ஷம்ஸா தன் காப்பியை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். "ரெண்டு கோரிக்கை. பிள்ளைங்க இப்பவே வீட்டுக்குப் போகணும். உஸ்தாத் மாசாமாசம் பறவையோட எங்க பள்ளிக்கு வரணும்."

பக்கீத் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன்: "தந்தேன்."