சூடத்தின் முன்னால் கழற்றிய ஷூ

என் மகளின் வலது உள்ளங்காலில் அரையடிப் பலகைத் துண்டு ஒன்று பாதக்குறடு போல ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. பலகையில் இருந்த ஆணி முழுவதும் அவள் பாதத்துக்குள். ரத்தம்கூட அதிகம் வரவில்லை. அவள் அழவில்லை; நான்தான் கத்தினேன்.

பெரும்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவள் சைட் இன்ஜினியர். அவள் பொறுப்பில் போடும் முதல் தளம் என்பதால், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நடக்கும் பூஜைக்குத் தாம்பரத்திலிருந்து என்னையும் வரச் சொல்லியிருந்தாள். கலவை மெஷின் பக்கத்தில் இரண்டு செங்கல் அடுக்கி, மஞ்சள் பிள்ளையார் வைத்து, மேஸ்திரி சூடம் ஏற்றினார். என் செருப்பை நான் தள்ளியே விட்டிருந்தேன். மகளோ கனத்த ஷூவோடு நின்றாள்.

“ஷூவைக் கழட்டும்மா.”

“சைட்ல கழட்டக் கூடாதுப்பா.”

“சாமி முன்னாடி ரெண்டு நிமிஷம் கழட்டினா குடியா முழுகிடும்?”

மேஸ்திரி சிரித்தார். “வுடு சார். சாமி இன்னா, காலையா பாத்துகினு கீது? நீயும் செருப்பப் போட்டுக்க.”

அத்தனை பேர் முன்னால் என் முகத்துக்காக அவள் கழற்றினாள். பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைத்தபோது, தன்மேல் தெறிக்காமலிருக்க ஓரடி பின்னால் வைத்தாள். கீழ்த்தளக் கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங்கைப் பிரித்துப் போட்ட பலகைகள் ஆணியோடு அங்கேதான் கிடந்தன.

நான் பலகையைப் பிடுங்கப் போனேன். மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். “இழுக்காத சார்! டாக்டர் எடுக்கட்டும். நீ தொட்டா பேஜாரு.” ஆட்டோவில் வழியெல்லாம் அந்தக் காலை மடியில் வைத்து, பலகை அசையாமல் இரண்டு கையாலும் ஏந்தியபடியே வந்தார்.

மருத்துவமனைக்கு ஓடிவந்த என் மனைவி அவரைத்தான் பிடித்துக்கொண்டாள். “பொண்ணை வெறுங்கால்ல நிக்க விட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மேஸ்திரியா?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மகளும் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“தப்புதாம்மா,” என்றார் மேஸ்திரி.

கால் ஆறிவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள். மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போய்விட்டார். விசாரிக்க வருகிறவர்களிடம் என் மனைவி இன்னும் அவரைத் திட்டுகிறாள், நான் தலையாட்டுகிறேன், மகள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இன்று காலை அவளிடம் மேஸ்திரியின் நம்பரைக் கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

“தரேன்ப்பா. முதல்ல அம்மாகிட்ட பேசு.”

மனைவி அடுப்படியில்தான் இருக்கிறாள். எட்டடி தூரம். நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.